என் பெயருக்கு வந்த காயிதம்

மருந்து வாசம் இன்னும் என் சட்டையில் இருக்கிறது. வீட்டில் இரண்டு தரம் கழுவிப் போட்டார்கள், போகவில்லை. போஞ்சித் தோட்டத்தில் பூச்சிக்கு அடிக்கும் அந்த மருந்துதான், உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இன்று கடையைத் திறந்து உட்கார்ந்ததும் மூக்கில் ஏறியது. நீ போய் ஒன்பது மாதமாகிறது. இனியும் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

கடையில் எல்லாம் அப்படியே இருக்கிறது. தராசுக்குப் பக்கத்தில் அந்த பிஸ்கட் டின்னும் இருக்கிறது. தெல்தோட்டை பஸாரோடு தபால்காரர் நின்றுகொள்வார், உங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் லயத்துக்கு ஏறமாட்டார். லயக் காம்பராக்களுக்குத்தான் வீட்டிலக்கமே இல்லையே. உங்கள் ஆட்களின் காயிதமெல்லாம் என் கடைக்கு வரும், நான் டின்னில் போடுவேன், சனிக்கிழமை சாமான் வாங்க இறங்கும்போது அவரவர் எடுத்துக்கொள்வீர்கள். வாப்பா காலத்திலிருந்து ஒரு காயிதம் தவறியதில்லை என்று நான் பெருமையடிப்பதும் உனக்குத் தெரியும்.

அந்தப் பெருமையை நம்பித்தான் நீ வந்தாய். லயத்துக்குப் பின்னால் கொய்யா மரத்தடியில் உன் ஏழு தேனீப் பெட்டி. கீழே குத்தகைக் காணியில், நாமெல்லாம் மாத்தயா என்று கூப்பிடும் சிங்களவரின் போஞ்சி. பெட்டிகளைப் பதிந்துவிட்டால், மருந்தடிக்க மூன்று நாளுக்கு முன் அவர் பெட்டிக்காரருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். நீ விவசாயக் காரியாலயத்துக்குப் பதியப் போனாய். அறிவித்தலை எந்த விலாசத்துக்கு அனுப்புவது, வீட்டிலக்கம் என்ன என்று கேட்டார்கள். உன் அடையாள அட்டையில் தோட்டத்தின் பெயர் மட்டும்தான் இருந்தது. மூன்று தரம் போய் மூன்று தரமும் திரும்பி வந்தாய்.

"நானா, ஒங்க பேர்ல பதிஞ்சிருவோமா?" என்றாய். "பெட்டிய நான் பாத்துக்கிறேன். நீங்க காயிதத்த மட்டும் பாத்துக்கங்க."

"தேனீண்டா நான் பத்தடிக்கு அங்கால நிக்கிற மனிசன்."

"அது அதுகளுக்குத் தெரியவா போவுது?"

அப்படி நான் தேனீ முதலாளியானேன். அதற்குப் பிறகு சனிக்கிழமை தவறாமல் உன் நக்கல்தான். மழை நாளென்றால், "மொதலாளி, ஒங்க ஆளுக இன்னைக்கு வேலைக்குப் போகல" என்று சொல்லிவிட்டுத்தான் சீனி கேட்பாய். எனக்கும் அது பிடித்திருந்தது.

பிறகு அந்தப் பழுப்பு உறை வந்தது. சிங்களத்தில், கையெழுத்தில், என் பெயர் போட்டு. உன் பெயர் இருந்திருந்தால் என் கை தானாக டின்னுக்குப் போயிருக்கும். பள்ளிக்கூடம் போகும் உன் மகளைக் கூப்பிட்டாவது தந்திருப்பேன். என் பெயர் இருந்ததால் கடை லைசன்ஸ் விஷயம் என்று நினைத்து, பிரிக்காமல் கரண்ட் பில்லுகளோடு கம்பியில் குத்திவிட்டேன். மற்றவர்களின் காயிதம் ஒன்றைத் தவறவிடாத மனிதன் தன் காயிதத்தைப் பார்க்கவில்லை.

நீ பன்புல் பையோடு வந்து நின்ற காலை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பையை விரித்துக் காட்டினாய். அள்ளி வந்த தேனீக்கள், நாக்கு வெளியே தள்ளியபடி. ஒன்றிரண்டு இன்னும் கால் உதைத்துக்கொண்டிருந்தன. "ஏழு பெட்டியும் போச்சு நானா. காயிதம் ஒண்ணும் வரலதானே?"

"வரல்லயே" என்றேன். அல்லாஹ் மேல் சத்தியமாக, அப்போது எனக்குத் தெரியாது.

மாலையில் ஏதோ நினைப்பில் கம்பியிலிருந்து எடுத்துப் பிரித்தேன். நாளும் நேரமும் ஒழுங்காக எழுதியிருந்தார் மாத்தயா. அப்போதே மலையேறி வந்திருக்க வேண்டும். காலையில் சொல்லலாம் என்று படுத்தேன். காலையில் நீ என்னை முந்திக்கொண்டாய். காரியாலயத்துக்குப் போய், காயிதம் அனுப்பினேன் என்ற மாத்தயாவைப் பொய்க்காரன் என்று எல்லோருக்கும் முன்னால் ஏசிவிட்டு, உத்தியோகத்தரைக் கையோடு கடைக்குக் கூட்டி வந்துவிட்டாய்.

"காயிதம் வந்ததா?" என்று அவர் கேட்டார். நான் வாய் திறக்குமுன் நீ சொன்னாய்: "எங்க நானா பொய் சொல்ல மாட்டாரு சார்."

அந்த ஒரு வார்த்தையில் நான் மாட்டிக்கொண்டேன். ஆம் என்றால் நீ பொய்க்காரன், நான் அதைவிடப் பெரிய பொய்க்காரன். "வரல்ல" என்றேன். முதல் தரம் தெரியாமல் சொன்னது. இரண்டாம் தரம் தெரிந்தே சொன்னேன். மாத்தயாவுக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். நீயும் அவரும் முகம் பார்க்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்லிவிட நினைத்து, சீனியை நிறுத்துக் கொடுத்து அனுப்பினேன். பிறகு ஒரு திங்கட்கிழமை, மலையில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே நெஞ்சு வலித்து நீ போய்விட்டாய்.

உன் பெட்டி ஒன்றில் தேனீ தானாக வந்து குடியேறியிருக்கிறது. உன் வீட்டுக்காரிதான் சொன்னது. பதிவிலிருந்து என் பெயரை வெட்டக் கேட்டுப் போனேன். பெட்டியில் தேனீ இருக்கும்வரை வெட்ட முடியாதாம். போன வாரம் மறுபடி பழுப்பு உறை வந்தது. தபால்காரர் நிற்கும்போதே பிரித்தேன். மருந்தடிக்கும் நாளை எழுதியிருந்தார் மாத்தயா.

அதற்கு முதல் நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு ஏறினேன். தேனீ எல்லாம் திரும்பி வந்து அடையும்வரை கொய்யா மரத்தடியில் காத்திருந்து, நீ சொன்னதுபோல வாசலுக்கு வலை வைத்து, ஈரச் சாக்குப் போட்டு மூடினேன். "ஒரு நாள் உள்ள கெடந்தா கோவிச்சுக்கும் நானா, ஆனா உசுரோட இருக்கும்" என்பாய். விடிந்ததும் மறுபடி போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளே அவை வாசலைத் தேடி முட்டுவது பலகை வழியாகக் கேட்டது. என் நெஞ்சிலும் அப்படித்தான் இரண்டு வருடமாக.

மாத்தயா மருந்து டாங்கியை முதுகில் போட்டுக்கொண்டு வந்தார். இந்த முறையாவது காயிதம் கிடைத்ததா என்று கேட்டார். கிடைத்தது என்றேன். பிறகு பழைய உறையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினேன். வாங்கித் தன் கையெழுத்தைப் பார்த்தார்.

"அவனுக்குத் தெரியுமா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"தெரியாது."

அவர் ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். உறையை என் கையிலேயே வைத்துவிட்டு இறங்கிப் போய் மருந்தடிக்கத் தொடங்கினார். அன்று பின்னேரம் வலையை எடுத்தேன். கோபத்தோடு வந்தன, என் புறங்கையில் இரண்டு கொட்டின. ஆனால் உசுரோடு இருந்தன, வெளியே போயின.

அந்த உறையை இப்போது டின்னில் போட்டிருக்கிறேன். என் பெயரை அடித்துவிட்டு உன் பெயரை எழுதி. நாளை சனிக்கிழமை. உன் லயத்து ஆட்கள் வந்து அவரவர் காயிதத்தை எடுத்துக்கொண்டு போவார்கள். உன்னுடையதை உன் மகள் எடுப்பாள்.