அப்பா சொன்ன சம்பளம்

10-6-89, சனி

காலையிலிருந்து மேற்குக் காற்று. கொடியில் துணி நிற்கவில்லை. இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், எனக்குக் கேவலமாக இருந்தாலும்.

பிளஸ் டூவில் பள்ளியிலேயே இரண்டாவது. ஸ்ரீவில்லிபுத்தூர் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. வருமானம் குறைவு என்று வருமானச் சான்று (இனி வ.சா.) கொடுத்தால் கட்டணம் கிடையாது. கொடுக்காவிட்டால் முழுக் கட்டணம். அதற்கு வழியே இல்லை. கடைசி நாள் வெள்ளி, 16.

இன்று தலையாரி வ.சா. விசாரணைக்கு வந்தார். வந்த நேரம், அக்காவைப் பெண் பார்க்க வந்த செட்டியார்பட்டிக்காரர்கள் உள்ளே மாம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா மில்லில் பதிலி ஆள், யாராவது வராத நாளில்தான் வேலை. பாதி நாள் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். செட்டியார்பட்டிக்காரர்களிடம் நிரந்தர வேலை என்று சொல்லியிருக்கிறது. தலையாரி வாசலில் நின்று சம்பளம் கேட்டார். அப்பா ஒரு தடவை உள்ளே பார்த்தார்.

“மாசம் ஆயிரத்து இருநூறு வருதுங்க.”

தலையாரி என் பக்கம் திரும்பினார். “சரிதானா பாப்பா?”

தலையை ஆட்டினேன். அந்த நிமிடம் பெருமையாகக்கூட இருந்தது. அதையும் எழுதிவிட்டேன்.

13-6, செவ்வாய்

வ.சா. வந்தது. அதே ஆயிரத்து இருநூறு. சலுகை வரம்புக்கு மேல்.

தனியாகத் தாலுகா ஆபீஸ் போனேன். கிளார்க் ஃபைலிலிருந்து நிமிரவே இல்லை. அப்பாவே வந்து, சொன்னது தவறு என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். பிறகு தெருவில் நாலு பேரிடம் மறுவிசாரணை. “கொறச்சுச் சொல்றவியளத்தான் பாத்திருக்கேன். ஒங்கப்பா கூட்டில்ல சொல்லியிருக்காரு.” பின்னால் யாரோ சிரித்தார்கள்.

வேறு வழிகள்:
– தபால் வழிப் படிப்பு. அதற்கும் பணம்.
– கணக்கு டீச்சரிடம் கேட்பது. அவர்கள் வீட்டிலேயே மூன்று பெண்கள்.
– பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கு ஒரு வருடம் போய்ப் பணம் சேர்த்துவைப்பது. அப்படிப் போன ஒருத்தியும் படிக்கத் திரும்பியதில்லை.

நாலாவது தோன்றவில்லை. என் நீல ரிப்பனையும் காணோம்.

14-6, புதன்

அம்மாவிடம் சொன்னேன். மறுவிசாரணை என்றதும் மாவு கரைத்த கை அப்படியே நின்றது. தெருவில் விசாரித்தால் சாயங்காலமே செட்டியார்பட்டிக்குத் தெரியுமாம். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிற்று.

அக்கா தைத்துக்கொண்டே கேட்டிருந்தாள். “ஏட்டி, ஒனக்கு இந்த வருசம் இல்லன்னா அடுத்த வருசம். எனக்கு?”

அவள் கையில் இருந்தது கல்லூரிக்கென்று எனக்குத் தைக்கும் ஜாக்கெட். கொக்கி மட்டும் பாக்கி. சுருட்டி மூலையில் எறிந்தாள்.

15-6, வியாழன்

தூறல். அப்பா எட்டு மணிக்கே திரும்பிவிட்டார். மூன்றாவது நாளாக வேலை இல்லை. பொழுது சாய்ந்ததும் வெள்ளைத்தாள் கேட்டார்.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஐயா, நான் நிரந்தரத் தொழிலாளி அல்ல. இதுவரை தடங்கலில்லாமல் சொன்னார். தொகை வந்ததும் நின்றுவிட்டார்.

“அத நீயே போட்டுக்கோ தாயி.”

நானூறு என்று போட்டேன். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். அம்மா அந்தப் பக்கமே வரவில்லை.

நாளை: முதல் ஆளாகத் தாலுகா ஆபீஸ். ஒரே நாளில் விசாரித்துக் கொடுப்பார்களா? கொடுத்தால் மதியப் பஸ்ஸில் கல்லூரிக்கு. கொடுக்காவிட்டால் படிப்பும் போய், அக்காவுக்கு வந்த இடமும் போய்.

ஜாக்கெட் என் பைமேல் மடித்திருக்கிறது. ஐந்து கொக்கியில் மூன்று தைத்திருக்கிறாள். மூன்றாவதில் ஊசி அப்படியே. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள், தூங்கவில்லை. இன்னும் கோபமா, கேட்கலாமா என்று

எழுந்தாள். விளக்கை அணைத்துவிட்டாள். இருட்டிலேயே எழுதுகிறேன்.