அடிவாரத்து ஆணிகள்

ஜூன் 9, திங்கள்
விடிந்ததிலிருந்து தூறல். மலைமேல் எங்கள் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் ஒரு தலை. வாழவந்தி நாட்டு ஆள், பைக், மலைப்பாதையில் 40ஆம் கொண்டை ஊசி வளைவு. நெற்றித்தோல் உரிந்து கண்மேல் தொங்கியது. 17 தையல். டாக்டர் தைக்க, நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். ரத்தத்தில் கை வழுக்கிக்கொண்டே இருந்தது.

"ஹெல்மெட் எங்கே?"

"அடிவாரத்துக் கடையில இருக்குதுங்க சிஸ்டர்."

ஓர் அறை விடலாம் போல் இருந்தது. கத்தியதோடு சரி.

வாங்க: கொசுவர்த்தி, மிளகு காயவைக்கத் தார்ப்பாய், சோப்பு.

ஜூன் 10
மழை இல்லை. அந்தக் கடையை நினைத்தாலே எரிச்சல். சாதாரண டீக்கடை. சுவரில் வரிசையாக ஆணிகள். மலையிறங்குகிறவர்கள் அங்கே ஹெல்மெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு சேந்தமங்கலம், நாமக்கல் போவார்கள். கீழே பிடிப்பார்களே. திரும்பும்போது ஆணியில் மாட்டிவிட்டு, எழுபது வளைவும் வெறுந்தலையோடு ஏறுவார்கள். போலீஸ் நிற்கிற இடத்தில்தான் மண்டை உடையும் என்று நினைப்பு.

என் வீட்டுக்காரர் வெள்ளையனுக்கும் அங்கே ஓர் ஆணி. பக்கத்து ஆணி என்னுடையது. வளைவுகளில் ஹெல்மெட் போட்டால் எனக்கு வாந்தி வருகிறது. ஆஸ்பத்திரியில் யாரிடமும் சொன்னதில்லை.

ஜூன் 12
சண்டை. இனி மலையிலும் போட்டுத்தான் வர வேண்டும் என்றேன்.

"இந்த ரோட்டுல கண்ண மூடிட்டு வருவேன் புள்ள. மொதல்ல நீ போடு, அப்பறம் நான் போடறேன்."

சொம்பைத் தூக்கி எறிந்தேன். சுவரில் பட்டு நசுங்கியது. அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு ஒரு தட்டும் பறந்தது.

ஜூன் 13, வெள்ளி
காலையில் பேசாமலே பைக்கை எடுத்துக்கொண்டு கீழே போனார்.

மதியம் 3.20. திரும்பும் வழி, 52ஆம் வளைவு. லாரியிலிருந்து விழுந்து நசுங்கிய பலாப்பழம். அதன்மேல் சக்கரம் ஏறி வழுக்கி, தடுப்புக் கல்லில் தலை. பஸ்ஸில் வந்தவர்கள் தூக்கி வந்தார்கள். சட்டையைப் பார்த்துத்தான் அடையாளம். இடது காது இல்லை. மண்டை உள்ளே அமுங்கியிருந்தது. வைத்த விரல் இறங்கியது. என் விரல். ரத்தத்தோடு பலாச்சுளை வாசனை.

தூக்கி வந்தவர் சொன்னார்: "பாதி தூரம் பேசிட்டே வந்தாருங்க. ஊட்டுக்குப் போகோணும்னாரு."

நாமக்கல்லுக்குக் கொண்டுபோக வந்த 108இல் நானும் ஏறினேன். எழுபது வளைவு. வாந்தி வரவில்லை.

காளப்பநாயக்கன்பட்டி தாண்டியதும் மூச்சு நின்றது. நெஞ்சை அழுத்தினேன். விலா உடையும் சத்தம் கேட்டது. நிறுத்தவில்லை. "போதுங்க சிஸ்டர், போயிட்டாருங்க" என்று கூட வந்தவர் என் கையைப் பிடித்து இழுத்தார். கடித்துவிட்டேன்.

ஜூன் 25, புதன்
வெயில். இறப்புச் சான்றிதழுக்காகக் கீழே போனேன். பஸ். திரும்பும்போது அந்தக் கடையில் இறங்கினேன்.

கடைக்கார அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. "அவரோடத எடுத்துக்கறீங்களா கண்ணு? கேக்கறதுக்கே வாய் வர மாட்டீங்குது."

அவர் ஹெல்மெட்டை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் போனேன். பாறையில் வைத்து, இரண்டு கையாலும் தூக்க வேண்டிய ஒரு கல்லால் அடித்தேன். உடைத்தே தீர வேண்டும் என்று வெறி. பன்னிரண்டு அடி. என் உள்ளங்கை கிழிந்தது. முன்கண்ணாடி தெறித்துப் போனது. ஓட்டில் கீறல்கள், அவ்வளவுதான்.

உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். எங்கேயும் அமுங்கவில்லை.