ஏரி வளைவில் இல்லாத பறவை

மனைவிக்கு,

நான் சுகம்தான். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? நீயே எழுது. மகனை எழுதச் சொன்னால் வலியைக் குறைத்து எழுதிவிடுவான்.

இங்கே சைக்கிள் பயணம் வருகிறவர்களுக்கு முன்னால் வழிகாட்டி போவான். பஞ்சர் ஒட்டவும் செயின் மாட்டவும் நான் கடைசியில் வருவேன். அந்த வேலைக்கு அவன் உலை வைக்கிறான் என்று எனக்குச் சந்தேகம். போன வாரம் மோட்டார் வைத்த சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தி, "அண்ணே, இதுல வாங்க, மூட்டுக்கு நல்லது" என்றான். என் மூட்டைப் பற்றி அவனுக்கு யார் சொன்னது? நான் அதைத் தொடவில்லை.

முந்தாநாள் ஏரிக்கரை மேட்டில் மிதித்து ஏறினால், வளைவில் எல்லோரும் இறங்கி நிற்கிறார்கள்.

"என்னப்பா, பஞ்சரா?"

"இல்லண்ணே, பறவை பாக்கறோம்."

"எங்க பறவை?"

"இப்பத்தான் பறந்துச்சு."

ஏரியில் ஈ காக்கைகூட இல்லை. ஒருவர் பைனாகுலரைத் திருப்பிப் பிடித்திருந்தார். நான் எவ்வளவு பிந்துகிறேன் என்று முதலாளியிடம் சொல்லத்தான் இந்த நாடகம். நேற்றும் அதே வளைவு, அதே பறவை. காட்டிக்கொள்ளாமல், மூச்சிரைப்பு அடங்கும்வரை நானும் பார்த்தேன்.

மூட்டுத் தைலம் இரண்டு புட்டி அனுப்பு. உன் பழைய புடவையில் சுற்று, அப்போதுதான் உடையாது. மகனிடம் சொல்லாதே, வந்துவிடுங்கள் என்று ஆரம்பிப்பான்.

வழிகாட்டி வாசலில் மணி அடிக்கிறான். கடைசி ஆள் வராமல் முதல் ஆள் கிளம்பமாட்டானாம். இதிலும் ஏதோ இருக்கிறது.

உன் வீட்டுக்காரன்