வெல்ல ஆலையில் காயப்போட்ட புத்தகங்கள்

நவம்பர் 3, திங்கள்
காலேஜுக்குக் கூட்டப் போனால் லைப்ரரி கூரையில் ஒரு ஷீட்டைக் காணோம். ராத்திரி காற்று தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. தமிழ்ப் புத்தகம் எல்லாம் நனைந்து கிடக்கிறது. தமிழ் நடத்தும் டின்சி டீச்சர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பத்தொன்பதாம் தேதி யூனிவர்சிட்டியிலிருந்து பார்க்க வருகிறார்களாம். யாருக்கும் உபயோகமில்லை என்று எழுதிவிட்டால் ரூமைப் பூட்டிப் புத்தகத்தைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிடுவார்கள். லைப்ரரிக்கென்று ஒரு ஆளைப் போட இதுவரை பணம் வந்ததில்லை. என் மகள் ஆர்த்திதான் வகுப்பு முடிந்து திறந்து வைத்திருப்பாள்.
அவள் கண்ணை மூடி ஒன்பது மாசம். என் பிள்ளை உட்கார்ந்த இடம் ஒன்றாவது மிஞ்ச வேண்டாமா?

நவம்பர் 5
வெயிலே இல்லை. மழைக்காலத்தில் துணிமணியை நாங்கள் தம்பி சுடலைமணி வேலை பார்க்கும் வெல்ல ஆலையில்தான் காயப்போடுவோம். டீச்சரிடம் கேட்டு, நூற்று நாற்பது புத்தகத்தை ஜீப்பில் ஏற்றிக் கொண்டுபோனேன். பாகு காய்ச்சும் கொப்பரைக்கு மேலே கொடி கட்டித் தொங்கவிட்டோம். "ஏக்கா, இங்க வெல்லம் காய்ச்சுதோமா, பாடம் காய்ச்சுதோமா?" என்றான். எத்தனை நாள் கழித்துச் சிரித்தேன்.

நவம்பர் 7
காய்ந்துவிட்டது. அடுக்கி வைத்தேன்.

நவம்பர் 10
எறும்பு. அலமாரி முழுக்க எறும்பு.
பாகு ஆவி பட்டுத் தாளெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டுது. துணின்னா அலசிப் போட்டா போச்சு. புத்தகத்தை அலச முடியுமா? நாலாப்புப் படிச்ச புத்தி. டீச்சர்கிட்ட எப்படிச் சொல்ல —

நவம்பர் 11
சொல்லிவிட்டேன். டீச்சர் ஏசவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. ஈரத்துணியைப் பிழிந்து தாள் தாளாகத் துடைக்க வேண்டுமாம். நாங்கள் ரெண்டு பேர். எப்ப முடிக்க?

நவம்பர் 12
ஆர்த்தியோடு படித்த நிமி வந்து மூன்று புத்தகம் கேட்டாள், வீட்டில் வைத்துத் துடைத்துத் தருகிறேன் என்று. அவளைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் வந்தார்கள். நாற்பத்தாறு பேர். டீச்சர் எல்லாரிடமும் ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்கினார்.

நவம்பர் 19
வந்தார்கள். பாதிப் புத்தகம்கூடத் திரும்பவில்லை, அலமாரி காலி. வந்த அம்மா ரெஜிஸ்டரைப் புரட்டிவிட்டு, ஒரே நாளில் இத்தனை பேர் வாசிக்க எடுத்தார்களா என்று சந்தோஷப்பட்டார். பிரின்சிபால் ஆமாம் என்று தலையாட்டினார். டீச்சர் தரையைப் பார்த்தார். நானும் சும்மா நின்றிருக்கலாம்.
"வாசிக்க இல்லம்மா. நான் பாழாக்குனதத் தொடைக்க எடுத்துட்டுப் போயிருக்குதுக."
பிரின்சிபால் என்னைப் பார்த்த பார்வை! அந்த அம்மா நான் செய்ததை எல்லாம் கேட்டார். கடைசியில், "துடைக்கவா இத்தனை பேர்?" என்றார். ஏதோ எழுதினார். போய்விட்டார்.

நவம்பர் 20
வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியல எனக்கு. நானே பூட்டிட்டேனா, ஆர்த்தி?

டிசம்பர் 15
ரூமைப் பூட்ட வேண்டாம், முதலில் கூரையைச் சரிசெய்யுங்கள் என்று காகிதம் வந்திருக்கிறது. புது ஷீட் போட ஆள் வந்தது, ஏணியைப் பிடித்துக்கொண்டேன். இன்னும் முப்பது புத்தகம் வரவில்லை. நிமியிடம் கேட்டதற்கு, துடைத்து எப்பவோ முடிந்தது, கதை பாதியில் நிற்கிறது என்றாள்.
சாயந்தரம் நானும் ஒன்று எடுத்தேன். டீச்சர் ரெஜிஸ்டரை நீட்டினார். ராமுத்தாய் என்று எழுதினேன். வாசிக்கவா, துடைக்கவா என்று கேட்டார். புத்தகத்தை இடுக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.
மூன்று பக்கம் ஆகியிருக்கிறது.