வெளிச்சவீட்டுக்குப் பின்னால் நின்ற பனை

மச்சான்,

இன்றைக்கு மழை விட்டதும் வெட்டின பனையின் அடிக்குத்தியிலிருந்து ஊறின மர வாசம் எழும்பியது. கலியாணச் சோடியொன்று வெளிச்சவீட்டுக்கு முதுகைக் காட்டி, அந்தக் குத்தியில் ஏறி நின்று படம் பிடித்தது. இப்போது இங்கே வாகனங்களைப் பார்க்கிற வேலை எனக்கு. "ஐயா, கொஞ்சம் தள்ளி இருங்கோவன், படத்தில விழுறீங்கள்" என்றார் மாப்பிள்ளை. கதிரையைத் தூக்கிக்கொண்டு தள்ளி இருந்தேன்.

நீ இருந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய். விளக்கு எரியாத கலங்கரைக் கோபுரத்தைப் பார்க்க வாடகை வான் பிடித்து வருகிறார்கள். சண்டையில் இடம்பெயர்ந்து நாங்கள் திரும்பி வந்த காலத்தில் மாடுகூட இந்தப் பக்கம் வராது. எங்கள் இருவருக்கும்தான் இதனால் பிரயோசனம், அதுவும் கடலில் நின்றால். வெள்ளைக் கோபுரமும், பின்னால் பற்றைக்கு மேலே தலை தெரியும் பனையும் ஒரே நேர்கோட்டில் வரவேண்டும். மற்றப் பக்கம் கோணேசர் மலை முனை தெரியவேண்டும். "போடடா நங்கூரத்தை" என்பாய். அதற்கு நேர் கீழே, கடலடியில், நீ கண்டுபிடித்த 'பார்', மீன் அடைகிற பாறைத்திட்டு. கலவாயும் விளைமீனும் அந்தக் கற்பாறையை விட்டு நகராது.

வேறு வள்ளம் கிட்ட வந்தால் தூண்டிலைச் சுருட்டிவிட்டு, எஞ்சின் பழுதென்று ஸ்பானரும் கையுமாய்க் குனிவாய். ஒருநாள் பாவம், ஒருத்தன் எங்களைக் கயிறு கட்டிக் கரைவரை இழுத்து வந்தே விட்டான். வழி முழுக்கச் சிரிப்பு வெடிக்காமல் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாய். போனில் இடத்தைக் குறித்து வைப்போம் என்றேன். "போனில போட்டா ஊருக்கே தெரிஞ்சிடும், பேசாம இரு" என்று அதட்டினாய்.

ஆசுபத்திரிக் கட்டிலில் நீ என் கையைப் பிடித்தது மட்டும் தெளிவாய் ஞாபகம் இருக்கிறது. "காணி பூமி ஒண்டும் என்னட்ட இல்லை. பிள்ளைக்குச் சீதனம் எண்டா அந்தப் பார்தான். வாற மருமகனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிடு. ஓம் எண்டு சொல்லு." ஓம் என்றேன். செத்தவீட்டில் எல்லோரும் அழுதார்கள். எனக்கு வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

பிறகு வெளிச்சவீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்க, வாகனம் விட இடம் துப்பரவாக்க வேண்டுமென்று கூலிக்கு ஆள் எடுத்தார்கள். நானும் போனேன். காட்டிய மரங்களையெல்லாம் வெட்டினோம். அதில் ஒரு பனை. அந்த மரத்தை நான் கடலிலிருந்துதான் பார்த்திருந்தேன், மச்சான். அடியில் நின்றபோது அது ஏதோ ஒரு பனை. அண்ணாந்து பார்க்கவும் தோன்றவில்லை. என் கையால்தான் வெட்டினேன்.

உன் மகளுக்குத் தம்பலகாமத்து வயல்காரப் பிள்ளையைக் கட்டிக் கொடுத்தோம். நல்ல பெடியன், ஆனால் கடல் தெரியாது. விடிய அவனை ஏற்றிக்கொண்டு போனேன். கரையைப் பார்த்தால் கோபுரம் தனியே நின்றது. அப்போதுதான் உறைத்தது. மலை முனை தெரிந்தது, ஆனால் ஒரு குறியை வைத்துக்கொண்டு என்ன செய்ய? கடலடி பார்க்கிற ஈயக்குண்டை இறக்கி இறக்கிப் பார்த்தேன், சேறுதான் வந்தது. வெயில் ஏறிவிட்டது. "மாமா, இதுவோ இடம்?" என்று கேட்டான்.

ஓம் என்றேன். உடனே போனில் குறித்துக்கொண்டான். வெட்கமாயிருந்தது. அதற்குமேல் எதுவும் தோன்றவில்லை.

அவன் ஒவ்வொரு நாளும் மீனுக்கு அங்கேதான் போகிறான். நேற்று அவனும் உன் மகளும் சைக்கிளில் வந்து ஒரு கோர்வை மீன் தந்தார்கள். "மாமான்ர பாரில பிடிச்சது" என்றான் பெருமையாய். எல்லாம் கெழுத்தி. சேற்றில் கிடக்கிற மீன். அவனுக்கு அது தெரியாது. உன் மகளோ சின்னதிலிருந்தே நீ கொண்டுவந்த மீனை வெட்டிக் கழுவியவள்.

அவன் சைக்கிளைத் திருப்பும்வரை நின்றுவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "புளி கொஞ்சம் கூடப் போட்டுச் சமையுங்கோ, மாமா. சேத்து மணம் போயிடும்."

அதற்கும் ஓம் என்றேன்.