யோகமக்காவுக்கு வராத கேள்வி

செவ்வாய்க்கிழமை, இரவு

இன்று உருத்திரபுரத்தில் எங்கள் ஆய்வுக் குழுவின் இணையக் கருத்தாய்வு தொடங்கியது. ஊர் மக்கள் ஒவ்வொருவராக வந்தமர்ந்து என் கைபேசியில் பதில் சொல்கிறார்கள். கேள்விகளை அமைத்தது நான்தான். பாதிப் பேரிடம் முதலில் காணாமல் போன உறவுகளைப் பற்றிக் கேட்கும். மற்றவர்களிடம் அதை விட்டுவிட்டு எதிர்காலத்தைப் பற்றி மட்டும் கேட்கும். யாருக்கு எது என்பதைக் கணினியே குலுக்கிப் போடும். அப்போதுதான் இரண்டு பகுதியினரின் பதில்களையும் ஒப்பிடுவது சுலபம்.

யோகமக்கா போரின் கடைசி மாதத்தில் மகனைத் தொலைத்தவர். கைபேசியில் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடித்த பிறகும் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"தங்கச்சி, என்ர மகனைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லையே?"

"அந்தக் கேள்வி எல்லாருக்கும் வராது அக்கா. கொம்பியூட்டர்தான் தெரிவு செய்யுது."

"பக்கத்து வீட்டு சரசுவிட்டக் கேட்டதாம். என்ர பிள்ளையை அதுக்குத் தெரியாதோ?"

கைபேசியைக் கீழே வைத்தேன். "என்னட்டச் சொல்லுங்கோ அக்கா," என்றேன். அவனுக்குப் பிடித்த கறியிலிருந்து, கடைசியாக உடுத்திருந்த சேட்டின் நிறம் வரை சொன்னார். முடிவில், "இதெல்லாம் அதுக்குள்ள போகுமோ?" என்று கேட்டார்.

பொய் சொல்ல மனம் வரவில்லை. "போகாது அக்கா."

"ஓம், பரவாயில்லை," என்று சொல்லி எழும்பிப் போனார்.

அடுத்து ஓர் இளம் கடைக்காரர் வந்து அமர்ந்தார். அவருக்கு அந்தக் கேள்வி வந்தது. "அப்பிடி ஒருத்தரும் இல்லை," என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.