கறுப்பு கட்டிய டேப்லெட்

பெக்வாய்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து.

என் செல்ல மகள் டுஃபியேவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் புண்ணியத்தில் எனக்கு முட்டிவலியைத் தவிர வேறு குறை ஒன்றுமில்லை, சந்தையில் வெங்காயமும் நல்லபடியாக விற்கிறது, நீயும் அந்தக் குளிரில் காது மூடிக்கொண்டு வேலைக்குப் போய், சூடாக எதையாவது ஆக்கிச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று தெரிந்தால் அது போதும் எனக்கு. பாதிரியாரின் தங்கை ஹாம்பர்க் வருகிறாள், அவள் பெட்டியில் இந்தக் கடிதத்தையும் ஒரு பாட்டில் ஷிட்டோவையும் வைத்து அனுப்புகிறேன். ஷிட்டோவில் மிளகாயோடு காய்ந்த மீனையும் கொஞ்சம் தாராளமாகவே போட்டு வறுத்திருக்கிறேன், காரம் அதிகம், வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்து வம்பில் மாட்டிக்கொள்ளாதே. நான் படித்த நாலு எழுத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் உனக்குள்ளேயே சிரித்துக்கொள், அங்கே யாருக்கும் காட்டாதே.

போனில் நீ, அம்மா, அப்டேட் ஆச்சே, அப்பா டேப்லெட் எப்படி இருக்கு என்று கேட்டாய், நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. அது நடந்து எவ்வளவோ ஆகிவிட்டது, அதற்குப் பிறகு பேசும்போதெல்லாம் வேறு பேச்சு வந்துவிடுகிறது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ சொன்னபடியே அது கேட்டதும் சரி என்று அழுத்தினேன் டுஃபியே. உடனே அது கண்ணை மூடிக்கொண்டு ஒரு வட்டத்தைச் சுற்றவிட்டுக்கொண்டே கிடந்தது. வெங்காய மூட்டை மேல் வைத்துவிட்டுப் பார்க்கிறேன் பார்க்கிறேன், அசைவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த உன் கொனாடு அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, அடியே செர்வா, என் தம்பி போனான், அவன் விட்டுட்டுப் போனதையும் நீ முடிச்சுட்டியா என்றாள். அதற்குள்தானே உன் அப்பா ஆராதனைப் பாடகர் குழுவுக்குச் சொல்லிக்கொடுத்த பாட்டெல்லாம் அவர் குரலிலேயே இருக்கிறது, நடுநடுவே இருமி, ஆண்கள் வரிசையைத் திட்டி, மறுபடி ஆரம்பிப்பாரே அதெல்லாம்.

பிறகு அது கண்ணைத் திறந்தது. திறந்தால் முழுக்கக் கறுப்பு! முன்பு பால் போல் வெள்ளையாக இருந்த இடமெல்லாம் கறுப்பு, எழுத்து மட்டும் வெள்ளை. நான் உன் அப்பாவுக்காகக் கட்டிய துக்கக் கறுப்புத் துணியில் உட்கார்ந்திருக்கிறேன், மடியில் அதுவும் கறுப்பில் இருக்கிறது. உன் அத்தை கையில் இருந்த கத்தரிக்காயைக் கீழே போட்டுவிட்டு, ஐயோ குவாஜோ, என் தம்பி, இதுவும் உனக்காகக் கறுப்பு கட்டிக்கிச்சே என்று நெஞ்சில் கைவைத்து அழுதாள் பார், தக்காளிக்காரிகள் எல்லோரும் ஓடிவந்துவிட்டார்கள். ஒருத்தி, மனுசங்களுக்கே இந்த மரியாதை தெரியல, மெசினுக்குத் தெரியுது பாருங்கடி என்றாள். நீதான் அங்கிருந்தே அப்பாவுக்காக அப்படிச் செய்துவிட்டாய் என்று நான் நினைத்துக்கொண்டேன். மனதுக்குள் உன்னை ஆசீர்வதித்தேன், அந்த ஆசீர்வாதத்தை நீயே வைத்துக்கொள், திருப்பித் தர வேண்டாம்.

மற்றபடி எப்படி இருக்கிறது என்று கேட்டால், முதலில் பிடிக்கவில்லை, இப்போது கொஞ்சம் பிடித்திருக்கிறது. மணி காட்டுகிற எழுத்து பெரிசாகிவிட்டது, கண்ணாடி போடாமலே தெரிகிறது, அது நல்லது. பொத்தான்கள் எல்லாம் தண்ணீருக்குள் கிடக்கிற கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருக்கின்றன, தொட்டால் நழுவி ஓடிவிடும் போல் பயமாக இருக்கிறது. பாட்டு வைத்திருந்த இடம் இடதுகைப் பக்கம் இருந்தது, அது எங்கேயோ குடிபோய்விட்டது, தேடிக் கண்டுபிடிப்பதற்குள் உயிர் போய்த் திரும்பி வந்தது. ஒரே நேரத்தில் இரண்டு சன்னல் திறக்கிறதாம், அது தெரியாமல் உன்னோடு பேசும்போது எதையோ இழுத்துவிட்டேன், நீ மூலையில் சின்னதாகிவிட்டாய், நடுவில் வெங்காய வியாபாரி தன் லாரியோடு பெரிசாக வந்து நின்றான். சார்ஜும் முன்பைவிடச் சீக்கிரம் தீர்கிறது. போன் கடை மன்சாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அத்தை, துக்கமும் இல்ல ஒண்ணும் இல்ல, இந்த அப்டேட் போட்ட எல்லாருக்கும் இப்படிக் கறுப்பாத்தான் வருது, ஒரு தட்டு தட்டினா வெள்ளையாயிடும், மாத்தட்டுமா என்றாள். நான் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். இருக்கட்டும்டி, நானே இன்னும் கறுப்பிலதான இருக்கேன், துணைக்கு ஒண்ணு இருக்கட்டும் என்று வந்துவிட்டேன்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை அப்பாவுக்கு வருஷம் முடிந்தது. துக்கக் கறுப்பை அவிழ்த்துவிட்டு நீ அனுப்பிய வெள்ளைத் துணியைக் கட்டினேன், இடுப்பில் கொஞ்சம் பிடித்தது, நான் இளைத்துவிட்டேன் என்று நீ நினைத்திருந்தால் அது பொய். சாப்பாட்டுக்கு முன்னால் அப்பா வீட்டார் எல்லோரும் கூடி அவர் சாமான்களைப் பிரித்தார்கள். நம் வழக்கப்படி ஆம்பளை சொத்து அவன் தாய்வழிக்கே, கூடப்பிறந்தவள் பிள்ளைக்கே போகும், அதில் எனக்கு வருத்தமில்லை, துணி, செருப்பு, கைக்கடிகாரம் எல்லாம் நானே துடைத்து எடுத்து வைத்தேன். ஆனால் டேப்பை மட்டும் என் கட்டில் தலைமாட்டில் துணி போட்டு மூடி வைத்திருந்தேன். அப்பா இடத்துக்கு வாரிசாக உன் கொனாடு அத்தை மகன் பாஃபோவைத்தான் வைத்திருக்கிறார்கள். அவன் எழுந்து நின்று மரியாதையாகவே, அத்தை, மாமாவோட டேப்பும் இருக்குமே, அதுல அவர் பாட்டெல்லாம் இருக்கு, குழுவை இனி நான்தான பாத்துக்கணும் என்றான். கெட்டவன் இல்லை அவன். அவன் கேட்டது நியாயம். பாட்டைப் பிரதி எடுத்துக்கொள்ளலாம், மன்சாவே எடுப்பாள், ஆனால் உன் முகத்தைப் பார்க்கிறதும் அதில்தான், அவர் கட்டைவிரல் பட்டுப் பட்டு உறை தேய்ந்த ஓரம் இருக்கிறதே அதைப் பிரதி எடுக்க முடியுமா. எடுத்துவர எழுந்தவள் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது உன் கொனாடு அத்தை எழுந்தாள். நேராக என் அறைக்குள் போய் டேப்பை எடுத்துவந்து திறந்து எல்லோருக்கும் தூக்கிக் காட்டினாள். பாருங்க, இது என் தம்பிக்காகக் கறுப்பு கட்டியிருக்கு, உங்க வீட்டு ரேடியோ எதாவது கட்டிச்சா, ஏன்டா பாஃபோ, உன் மோட்டார் சைக்கிள் கட்டிச்சா, செத்தவனுக்குக் கறுப்பு கட்டினது பொண்டாட்டி பக்கம், சாமானோட சேராது என்றாள். அப்படி ஒரு வழக்கத்தை நான் பிறந்ததிலிருந்து கேள்விப்பட்டதில்லை. குடும்பத் தலைவர் ஒப்போங் அதை வாங்கித் தலைகீழாகப் பிடித்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, ஆமா, கறுப்பாத்தான் இருக்கு என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சரி, கறுப்பு கட்டினது கட்டினவளோடயே இருக்கட்டும் என்று சொல்லி, முன்னோர்களுக்கு மதுவைத் தரையில் ஊற்றிப் பேச்சை முடித்துவிட்டார். பாஃபோவும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டான்.

ஃபுஃபு உருண்டையை அப்படியே தட்டில் வைத்துவிட்டேன் டுஃபியே. உண்மை தெரிந்த நான் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேனே என்று உறுத்தியது. எல்லோரும் கிளம்பியதும் சட்டி கழுவுகிற இடத்தில் அத்தையிடம், அக்கா, அது துக்கம் இல்லக்கா, அப்டேட் போட்டா எல்லாத்துக்கும் அப்படித்தான் வருமாம், பாஃபோகிட்டயே குடுத்துடறேன் என்றேன். அவள் கையைக் கழுவிக்கொண்டு இடுப்பு முடிச்சிலிருந்து தன் போனை எடுத்து நீட்டினாள். அதுவும் கரிக்கட்டையாக இருக்கிறது! என்னுதும்தான் கறுத்துப்போச்சு, நான் எந்தப் புருசனுக்குக் கட்டியிருக்கேன் என்றாள். எல்லாம் மன்சா அவளிடம் எப்போதோ சொல்லிவிட்டாளாம். சந்தையில நான் அழுதது நெசம்டி, இன்னிக்குப் பேசினது வேற, நீ அவன் இருமலைக் கேட்டுட்டுத்தான் படுக்கறேன்னு அத்தனை ஆம்பளைங்க நடுவுல சொன்னா அது ஒரு காரணமாயிருக்குமா, அவங்களுக்குக் கண்ணுக்குத் தெரியறாப்ல ஒண்ணு வேணும், அதான் காட்டினேன் என்றாள். பெற்ற மகன் கேட்டதை மறுத்துவிட்டு எனக்காகப் பேசியிருக்கிறாள் பார். இரண்டு பேரும் சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தோம், சிரித்துச் சிரித்து அழுகையாகி, பிறகு மறுபடி சிரிப்பாகிவிட்டது. பாட்டையெல்லாம் மன்சா பாஃபோவுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டாள், இன்று ஆராதனையில் அவன் ஆண்கள் வரிசையைத் திட்டினான், அப்படியே உன் அப்பாதான்.

நீ எப்போதும் நன்றாக இருக்க வேண்டும், உன் கை போகிற இடமெல்லாம் நிறைய வேண்டும், கர்த்தர் உன் வழியில் விளக்காக இருக்கட்டும். அத்தைக்குப் போன் பண்ணு, எனக்கு எதற்கு என்று சலித்துக்கொள்வாள், விடாமல் பண்ணு. இன்னொன்று, அடுத்து ஏதாவது அப்டேட் வந்தால் அது என்ன நிறத்தில் வரும் என்று முன்னாலேயே விசாரித்துச் சொல். வெள்ளை என்றால் அழுத்த மாட்டேன், பெரியவர் ஒப்போங் ஈஸ்டருக்கு வீட்டுக்கு வருகிறார்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா
அபெனா செர்வா